குரல் என்றொரு ஃபோல்டர்

அந்த மனிதருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அலுவலகத்தில் அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. முகத்துக்கு நேரே சார், முதுகுக்குப் பின்னால் அலமாரி. கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்து ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, மூடி, மேலே ஒரு சீட்டு ஒட்டினால்தான் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கும். அடுத்தவர் மேஜையில் பேனா கோணலாகக் கிடந்தால் போதும், பேசிக்கொண்டிருந்த பேச்சை அப்படியே விட்டுவிட்டு அதை நேராக்குவார். நேராக்கிவிட்டு ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள், ஏதோ நமக்கு உயிர்ப்பிச்சை போட்டவர் மாதிரி!

பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் பெட்டிச் சாவி இவரிடம்தான் இருந்ததாம். அதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். கல்லூரி, வேலை, கல்யாணம் என்று காலம் ஓடினாலும் மனுஷன் மனசு அந்தச் சாவியை விட்டு நகரவே இல்லை. வீட்டில் ஒருமுறை, மாத்திரை அட்டைகள் கன்னாபின்னாவென்று கிடக்கின்றன என்று எல்லா மாத்திரைகளையும் உரித்து, ஒரே அளவுக் கண்ணாடிக் குப்பிகளில் போட்டு வரிசையாக வைத்தார். எது எதற்கு என்று சீட்டு ஒட்டுவதற்குள் ஃபோன் வந்துவிட்டது. அவர் மனைவி தலைவலிக்கென்று எடுத்து விழுங்கியது தூக்க மாத்திரை. அந்த அம்மாள் ஒரு பகலும் ஓர் இரவும் கண் திறக்கவில்லை. மறுநாள் அலுவலகத்தில் வந்து, "வீட்ல நேத்து நல்லா ரெஸ்ட் எடுத்தாங்க" என்றாரே தவிர, வாயிலிருந்து வேறு ஒரு வார்த்தை வரவில்லை. அவ்வளவுதான் அவர்.

இவருக்குக் கீழேதான் அந்த டெஸ்டர் வேலை பார்த்தாள். மற்றவர்கள் எழுதும் மென்பொருளில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தேடுவது அவள் தொழில். அலமாரியைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் வீட்டுக் கடன் பாதி நிற்கும்போது வாயைத் திறக்க முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள்.

அலுவலகம் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் நாற்றம், மூடினால் புழுக்கம். பஸ்ஸுக்குள், "அடுத்த நிறுத்தம் இன்னது" என்று குரல் வருமே, அதற்கான மென்பொருளைத்தான் அங்கே செய்துகொண்டிருந்தார்கள். முதலில் இயந்திரக் குரல்தான் பேசிற்று. தொண்டையில் ஆணி மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு குரல். பஸ் நிர்வாகத்தார் கேட்டுவிட்டு, "மனுஷக் குரல் போடுங்கய்யா" என்று சொல்லிவிட்டார்கள்.

டெஸ்டருக்கு உடனே அண்ணி ஞாபகம் வந்தது. அவளுடைய அண்ணன் மனைவி ஒரு கண் மருத்துவமனையில் ஃபோன் எடுக்கிற வேலையில் இருந்தாள். கண் தெரியாமல் தவிக்கிற கிழவர்கள்கூட அந்தக் குரலைக் கேட்டால் பதற்றம் அடங்கி, நிதானமாகப் பெயரும் வயதும் சொல்வார்கள். அந்த அண்ணிக்குத் தொண்டையில் ஒரு கட்டி வந்திருந்தது. எடுத்தே ஆகவேண்டும், எடுத்தால் உயிருக்குப் பயமில்லை, ஆனால் குரல் திரும்பாது, கிசுகிசுவென்று பேசலாம், அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அண்ணி, ஆபரேஷனுக்கு முன்னாடி உங்க குரல்ல ஸ்டாப் பேரெல்லாம் பதிவு பண்ணலாமா? கட்டாயம் இல்ல" என்று டெஸ்டர் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

அண்ணி மடியில் தூங்கிக்கொண்டிருந்த மகளின் தலையைக் கோதினாள். பிறகு, "பாப்பாவுக்கு இப்பதான் மூணு வயசு. நான் பேசினது எதுவும் அவளுக்கு ஞாபகம் இருக்காது இல்ல?" என்றாள்.

"பாப்பாவுக்குன்னு தனியாவும் பேசி வெச்சுக்கலாம் அண்ணி. நான் பண்ணித் தரேன்."

"வேண்டாம்டி. உங்க அண்ணனும் அதைத்தான் சொல்லிட்டே இருக்காரு. மைக் முன்னாடி உக்காந்து என் பொண்ணுக்குப் பேசுன்னா எனக்கு அழுகைதான் வரும். ஃபோன்ல ரெக்கார்டுன்னு நீட்டினாலே தொண்டை அடைச்சுக்குது. ஸ்டாப் பேருன்னா படிச்சிடுவேன். அவ பெரியவளாகி வேலைக்கு, காலேஜுக்குன்னு பஸ்ஸுல போவால்ல? அப்ப நான் பேசறது கேக்கும். எனக்கு அது போதும்."

அண்ணனின் பழைய ஃபோன் போன வருஷம் திருடு போயிருந்தது. அதிலிருந்த வீடியோக்கள் எல்லாம் போச்சு. புதிய ஃபோனில் எடுத்ததிலோ பாப்பா கத்துகிற கத்தலில் அண்ணியின் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும். ஆகவே அந்த ஊர் பஸ்களில்தான் அந்தக் குரல் பிழைத்துக் கிடக்க வேண்டும் என்று ஆகிவிட்டது.

அலுவலகத்தின் பின்னறையில் சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்வை வழிய வழிய அண்ணி படித்தாள். பெரிய ஆஸ்பத்திரி, பழைய நூலகம், தண்ணீர்த் தொட்டி, மேம்பாலம் கீழ்ப்புறம். ஒவ்வொரு பெயரையும் யாரோ தெரிந்தவர் வீட்டுக்கு வழி சொல்வது போலச் சொன்னாள். மேற்பார்வை என்று சொல்லிக்கொண்டு அலமாரி நடுநடுவே உள்ளே வந்து வயரை நேராக்கிவிட்டுப் போனார். எல்லாம் முடிந்த மறுவாரம் ஆபரேஷன் நடந்தது. டாக்டர் சொன்னபடியே உயிர் தங்கியது, குரல் போயிற்று.

இந்த இடத்தில் அவர்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பயப்படாதீர்கள், நீளமில்லை. மென்பொருள் எழுதுகிறவர்கள் வெர்ஷன் கன்ட்ரோல் என்று ஒன்றை வைத்திருப்பார்கள். ஃபைல்கள் அன்றன்றைக்கு எப்படி இருந்தன என்று அது பதிந்து வைத்துக்கொள்ளும். போன மாதத்து நிலைமைக்குப் போ என்றால் அப்படியே எடுத்து வைக்கும், திரும்பி வா என்றால் வந்துவிடும். ஆனால் அதன் கண்ணுக்கு ஃபைல் மட்டும்தான் தெரியும். ஃபோல்டர் என்பது ஃபைலுக்குப் போகிற வழி, அவ்வளவே. அதோடு, ஒரே இடத்தில் ஒரே பெயரில் ஒரு ஃபைலும் ஒரு ஃபோல்டரும் சேர்ந்து இருக்க முடியாது. ஒன்று இருந்தால் மற்றது கிளம்ப வேண்டியதுதான்.

இயந்திரக் குரல் இருந்த காலத்தில், அது படிக்க வேண்டியதெல்லாம் "குரல்" என்ற ஒரே ஃபைலில் இருந்தது. மனுஷக் குரல் என்று முடிவானதும் அலமாரி அந்த ஃபைலை அழித்துவிட்டு, அதே இடத்தில் "குரல்" என்று ஒரு ஃபோல்டரைப் போட்டார். அதற்குள் பஸ் தடத்துக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன எழுத்து ஃபைல்கள். அவற்றோடு அண்ணியின் ஒலிப்பதிவுகள்.

"சார், ஃபோல்டருக்கு வேற பேரு வெச்சுடலாமே. பழைய ஃபைலோட பேரையே வெச்சா பின்னாடி குழம்பும்" என்றாள் டெஸ்டர்.

"ஒரு பொருளுக்கு ரெண்டு பேரா? அதெல்லாம் சோம்பேறிங்க பண்ற வேலைம்மா."

ஒலிப்பதிவுகள் கனமானவை, பதிந்து வைத்தால் வேகம் குறையும். அதனால் அவற்றை மட்டும் கண்டுகொள்ளாதே என்று அந்த மென்பொருளுக்கு ஒரு விதி எழுதினார். அதில் தப்பில்லை, எல்லோரும் செய்வதுதான். அடுத்துச் செய்தார் பாருங்கள், அதுதான் அலமாரித்தனம். "ஒரு பொருள், ஒரு இடம்" என்று பெரிய எழுத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டினார். ஒட்டிவிட்டு, ரெக்கார்டரில் இருந்த பதிவுகளை அழித்தார். டெஸ்டரின் கணினியில் இருந்ததை அழிக்க அவள் நாற்காலியிலேயே வந்து உட்கார்ந்துகொண்டார்.

"சார், ஒரு காப்பியாவது இருக்கட்டுமே!"

"வெர்ஷன் கன்ட்ரோல் இருக்கறப்போ காப்பி எதுக்கும்மா?"

"ஆனா ஒலி ஃபைல்களத்தான் நீங்க கண்டுக்காதேன்னு சொல்லிட்டீங்களே சார்?"

"அது வேற, இது வேற."

என்ன வேறு, எது வேறு என்று அந்த மகானுபாவர் கடைசிவரை விளக்கவே இல்லை. டெஸ்டரும் அதற்கு மேல் மல்லுக்கட்டவில்லை. ஃபோல்டரை எடுக்க வேண்டி வந்தாலும், தனக்குத் தெரியாத ஃபைல் உள்ளே கிடந்தால் அந்த மென்பொருள் நின்றுவிடும், 'இது என்னுடையதில்லை, நான் தொட மாட்டேன்' என்று சொல்லிவிடும் என்று அவள் நம்பியிருந்தாள்.

மாதங்கள் ஓடி, பஸ்ஸில் குரல் ஒலிக்கப் போகிற நாள் நெருங்கியது. முதலாளி, பஸ் நிர்வாகத்தாரை அழைத்து வந்தார். நடந்த வேலையைக் காட்டிவிட்டு ஒரு நிறுத்தத்தின் பெயரை ஒலிக்கவிட்டால் போதும், தேநீர் குடித்துவிட்டுப் போயிருப்பார்கள். அலமாரிக்கு அது போதுமா? தான் வருவதற்கு முன்னால் எவ்வளவு குப்பையாக இருந்தது, தான் கைவைத்த பிறகு எவ்வளவு லட்சணமாக இருக்கிறது என்று ஊருக்கே பீற்றிக்கொள்ள வேண்டுமே! பெரிய திரையை இறக்கி, எல்லோர் முன்னிலையிலும், பதிவுகள் மிச்சமிருந்த ஒரே கணினியான தன்னுடைய கணினியில், பழைய நிலைமைக்குப் போ என்று தட்டினார்.

கண் இமைப்பதற்குள் போயிற்று. முனகவில்லை, கேள்வி கேட்கவில்லை. குரல் என்ற ஃபோல்டர் மறைந்து குரல் என்ற ஃபைல் வந்து நின்றது.

"பாருங்க சார், எவ்வளவு அசிங்கம்! எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல அள்ளிக் கொட்டி வெச்சிருந்தாங்க" என்று பஸ்காரர்களைப் பார்த்துச் சிரித்தார். அவர்களில் ஒருவர் கொட்டாவி விட்டார். "இப்ப நம்ம ஏற்பாட்டப் பாருங்க" என்று மறுபடி இன்றைய நிலைமைக்குத் திரும்பினார். ஃபோல்டர் வந்தது. எழுத்து ஃபைல்கள் வரிசை கலையாமல் வந்தன. பெரிய ஆஸ்பத்திரியை ஒலிக்கச் சொல்லி அழுத்தினார்.

ஒன்றும் கேட்கவில்லை. ஸ்பீக்கரைத் தட்டினார். வயரை நேராக்கினார். மறுபடி அழுத்தினார். கீழே டயர் கடையில் யாரோ சுத்தியலால் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

டெஸ்டர் எழுந்து போய்த் திரையைப் பார்த்தாள். ஃபோல்டரில் எழுத்து ஃபைல்கள் மட்டும்தான் இருந்தன. ஓர் ஒலிப்பதிவுகூட இல்லை. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. தெரியாத ஃபைலாக இருந்தால் அது நின்றிருக்கும். ஆனால் இவர்தான் கண்டுகொள்ளாதே என்று விதி எழுதிக் கொடுத்திருந்தாரே! கண்டுகொள்ள வேண்டாம் என்றால், போனாலும் பரவாயில்லை என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். பழைய ஃபைலுக்கு இடம் வேண்டியிருந்தது, வழியில் கிடந்ததைத் தூக்கி எறிந்துவிட்டது. அது பதியாததை அதனால் எப்படித் திருப்பித் தர முடியும்?

"சார், மெஷின்ல கை வெக்காதீங்க. அப்படியே நிறுத்துங்க" என்று கத்தினாள்.

"இரும்மா, ஏதோ குப்பை அடைச்சுட்டு நிக்குது. க்ளீன் பண்ணா சரியாயிடும்" என்று அவர் பாட்டுக்கு டிஸ்க்கைச் சுத்தம் செய்கிற புரோகிராமை ஓடவிட்டார். அவள் ஓடிப்போய் வயரைப் பிடுங்குவதற்குள் அது பாதி வேலையை முடித்துவிட்டிருந்தது.

அழிந்த ஃபைலை மீட்கிற ஆள் ஒருவர் வந்தார். சாயங்காலம்வரை குடைந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "போன உடனே நிறுத்தியிருந்தா ஏதாவது தேறியிருக்கும். யாரோ மேலயே நல்லா கூட்டிப் பெருக்கியிருக்காங்க" என்றார். அலமாரி அந்த நேரம் பார்த்து ஜன்னல் திரையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

மறுநாள் முதலாளி எல்லோரையும் கூட்டி வைத்துக் கேட்டார். அலமாரி எழுந்து ஆரம்பித்தார், அந்த மென்பொருளில் ஏதோ கோளாறு, உலகம் முழுக்க இப்படி நடக்கிறது, அவரவர் காப்பி வைத்துக்கொள்வது நல்லது என்று. அவரவர் காப்பியாம்! டெஸ்டர் கேட்டுக்கொண்டு சும்மாதான் இருந்தாள். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவளுக்கே பயம். மடியில் கணினியை வைத்துக்கொண்டு, அந்தத் திட்டம் தொடங்கிய நாளிலிருந்து பதிந்திருந்த ஒவ்வொரு நிலைமையையும் புரட்டிக்கொண்டிருந்தாள். ஏதாவது ஒன்று மாட்டாதா என்று.

ஒன்று மாட்டியது. ஒலிப்பதிவு தொடங்கிய முதல் நாள், அந்த விதியை எழுதுவதற்கு முன்னாலேயே, அவசரத்தில் அலமாரி ஃபோல்டரை அப்படியே பதிந்திருக்கிறார். அதில் ஒரே ஒரு ஒலி ஃபைல் இருந்தது. தேவையில்லாதது என்று மறுநாளே அதை அழித்தும்விட்டிருக்கிறார். அழித்தால் என்ன? ஒருமுறை பதிந்துவிட்டால் அதன் சரித்திரத்திலிருந்து அவ்வளவு சுலபத்தில் போகாது.

"சார், ஒண்ணு கிடைச்சிருக்கு" என்றாள்.

அலமாரியின் முகத்தில் பல்பு எரிந்தது. "பாத்தீங்களா? நான் சொல்லல? முறையா வெச்சா எதுவும் போகாது! அந்த ஸ்பீக்கர்ல போடும்மா, எல்லாரும் கேக்கட்டும்."

போட்டாள். நாற்காலி கிறீச்சிட்டது. அப்புறம் அண்ணியின் குரல் அறை முழுக்க வந்தது.

"ஏய், சிவப்பா எரியுதே, ஓடுதா இது? இல்லையா? சரி. ஏன்டி, உங்க சார் எங்க போயிட்டாரு, அடுத்த வயர நேராக்கவா? அப்பப்பா! தண்ணி வெச்சா நகர்த்தறாரு, பேப்பர் வெச்சா நகர்த்தறாரு. கொஞ்சம் அசந்தா என்னையே மடிச்சு டப்பாவுல வெச்சு மூடிடுவாரு போல. அந்த மனுஷனோட பொண்டாட்டி எப்படித்தான் குப்பை கொட்டறாங்களோ, புண்ணியவதி!" அதோடு ஒரு சிரிப்பு. அடக்க முயன்று முடியாமல், மைக்கில் மூச்சு இடிக்க இடிக்க, வயிறு வலிக்கச் சிரிக்கிற சிரிப்பு. பிறகு நின்றுவிட்டது.

முதலாளி மேற்கூரையைப் பார்த்தார். கணக்கு எழுதுகிற அம்மாள் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். அலமாரி அசடு வழிய நின்றார்.

"இது... இது தேவையில்லாத ஃபைல். அழிச்சிடும்மா."

"அழிச்சுட்டீங்க சார், அன்னிக்கே. அழிச்சும்தான் இருக்கு."

"அப்ப ஹிஸ்டரிலேருந்தே எடுத்துடு. அதுக்கும் வழி இருக்கு இல்ல?"

"இருக்கு சார். ஆனா நான் எடுக்க மாட்டேன். யாரையும் எடுக்கவும் விட மாட்டேன்." இத்தனை வருஷம் கடித்துக்கொண்டிருந்த பல்லை அவள் அன்றைக்குத்தான் விட்டாள். "எங்க அண்ணி குரல்ல மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான். அதுல அவங்க உங்களத் திட்டறாங்கன்னா அதுக்கு நான் என்ன பண்றது?"

முதலாளி, "அத ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்றார். பஸ்கள் குறித்த நாளில் ஓடின, இயந்திரக் குரலோடு. தொண்டையில் ஆணி மாட்டிய அதே குரல்தான் பெரிய ஆஸ்பத்திரியையும் பழைய நூலகத்தையும் சொல்லிற்று. அலமாரியின் வேலைக்கு ஓர் ஆபத்தும் வரவில்லை, அப்படிப்பட்டவர்களுக்கு எங்கே வரும்? அண்ணியை ஒரு நடை போய்ப் பார்க்கவும் இல்லை. ஒரு நாள் மாடிப்படியில் டெஸ்டரை நிறுத்தி, "உங்க அண்ணிகிட்ட சொல்லும்மா, டூல்ல ஒரு சின்னக் குறை, அதான்" என்றார். சொல்லிவிட்டு அவள் தோள்பையின் வாரை நேராக்கக் கையை நீட்டினார். அவள் விலகி இறங்கிப் போய்விட்டாள்.

இதையெல்லாம் அண்ணியிடம் எப்படிச் சொல்வது என்றுதான் டெஸ்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒருவழியாகச் சொல்லி முடித்தாள். அண்ணி அழவில்லை. கழுத்துத் தழும்பைத் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். ஃபோனில் அந்தப் பதிவைப் போட்டதும் முதலில் திடுக்கிட்டாள். அப்புறம் தோள் குலுங்கச் சிரித்தாள், சத்தமே வரவில்லை. காற்று மட்டும் வந்தது.

"அந்த ஆளு... இதையாவது விட்டு வெச்சாரே" என்றாள் கிசுகிசுப்பாக.

"எங்க விட்டாரு அண்ணி? இதையும் அழிச்சாரு. இதுதான் போக மாட்டேன்னு நின்னுடுச்சு."

ஃபோனிலிருந்து வந்த சிரிப்புச் சத்தம் கேட்டுப் பாப்பா உள்ளேயிருந்து ஓடி வந்தது. ஃபோனையே உற்றுப் பார்த்தது. "யாரு அத்தை இது?" என்றது.

"அம்மாடா செல்லம். அம்மாதான் பேசறாங்க."

பாப்பா தாயை ஒருமுறை பார்த்தது, ஃபோனை ஒருமுறை பார்த்தது. "இல்ல. அம்மா இப்படிப் பேசாது" என்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் எழுந்து அடுப்படிக்குள் போனான். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றான். அண்ணி குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு அதன் காதில் என்னவோ சொன்னாள். பாப்பா கேட்டுவிட்டு, இல்லை இல்லை என்று தலையை ஆட்டியது. ஆனால் அந்தச் சிரிப்பு அதற்குப் பிடித்துப் போய்விட்டது. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டு, அந்தச் சிரிப்போடு சேர்ந்து தானும் சிரித்தது.

இப்போது தினமும் சாயங்காலம் அம்மாவின் மடியில் வந்து ஏறிக்கொண்டு, "அந்தச் சிரிக்கற ஆன்ட்டியப் போடு" என்கிறது. அண்ணியே ஃபோனை எடுத்துப் போட்டுக் காட்டுகிறாள்.